டொக்டர் இல்லாத நேரத்திலும் ஓடுகிற கிளினிக்: மலையகத்து இளம் மிருக வைத்தியர்களுக்கு

பேராதனையில் படித்து வெளியே வருகிற ஒருவருக்கு வயிற்றுக்குள் முறுக்கிக் கிடக்கிற கன்றை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியும், நாய்க்கு எவ்வளவு மயக்க மருந்து என்று தெரியும். இலங்கையில் இருக்கிற ஒரே மிருக வைத்திய பீடம் அதுதான், பாடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு சின்னக் கிளினிக்கில் போய் உட்கார்ந்த முதல் வாரமே வேறு மாதிரியான கேள்விகள் வந்து நிற்கும். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே இங்கே வேலைக்குச் சேர்ந்த உதவியாளர் அண்ணனுக்கு நான் எப்படி வேலை சொல்வது? போன் எடுக்கிற தங்கச்சி எந்த அழைப்பை உடனே எனக்குத் தர வேண்டும்? நான் தேயிலைத் தோட்டத்துக் கொட்டிலில் மாட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு இருக்கும்போது, வலிப்பு வந்து இழுக்கிற நாயைத் தூக்கிக்கொண்டு ஒருவர் கிளினிக் வாசலில் வந்து நின்றால் யார் என்ன செய்வது?

தலைமைத்துவம் என்று கருத்தரங்குகளில் பேசுகிற விஷயம் நம் ஊரில் இந்தக் கேள்விகளாகத்தான் வருகிறது. மலையகத்தில் டொக்டர் பாதி நாள் கிளினிக்கில் இருக்க மாட்டார். ஒரு மாட்டைப் பார்க்க ஒரு மலை ஏறி இறங்க வேண்டும், வளைவுக்கு வளைவு போன் சிக்னல் போய்விடும், மழை பெய்து மண் சரிந்தால் திரும்பி வரும் நேரம் யாருக்கும் தெரியாது. அதனால் இங்கே ஒரு டொக்டர் நல்ல தலைவரா என்று தெரிய வேண்டுமானால் அவர் இல்லாத நேரத்தில் அந்தக் கிளினிக்கைப் போய்ப் பார்க்க வேண்டும். நான் கீழே சொல்கிற எல்லாமே அந்த நேரத்தை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

மூத்த உதவியாளரோடு தொடங்குங்கள்

முதல் வேலை இதுதான், இதைத் தள்ளிப் போடாதீர்கள். மாட்டை எப்படிக் கட்டுவது, எந்தத் தோட்டத்து மாடு உதைக்கும், எந்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாரிடம் பேசினால் கதவு திறக்கும், இதெல்லாம் அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அதை அவரிடமே சொல்லுங்கள். "அண்ணே, இந்த ஊரையும் மாட்டையும் நீங்க சொல்லிக் குடுங்க, மருந்தையும் நோயையும் நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு தடவை வெளிப்படையாகப் பேசிவிட்டால், பல மாதத்து முறுகலைத் தவிர்க்கலாம். அண்ணே என்று கூப்பிடுவதால் உங்கள் அதிகாரம் குறையாது. ஆனால் அண்ணே என்று கூப்பிட்டுவிட்டு, நாலு பேர் முன்னால் "இப்படியா பிடிக்கிறது?" என்று சத்தம் போட்டால் அந்த மரியாதைச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை. திருத்த வேண்டியதை வண்டியில் திரும்பி வரும்போது சொல்லுங்கள். பாராட்ட வேண்டியதை மாட்டுக்காரர் முன்னால் சொல்லுங்கள், அவர் காதிலும் விழட்டும்.

அதே நேரம் ஒரு கோடு கட்டாயம் தேவை. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் உதவியாளர் நோயைத் தீர்மானித்து மருந்து எழுத முடியாது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மிருக வைத்திய சபையில் பதிவு செய்தவர்தான் அதைச் செய்யலாம். இதை அவரைக் குத்திக் காட்டுகிற மாதிரிச் சொல்லக் கூடாது. "ஏதாவது பிழைச்சா உங்க தலையில விழக் கூடாதுண்ணே, என் தலையில விழட்டும்" என்று சொன்னால் அவருக்குப் புரியும், அதுதான் உண்மையும்கூட. அப்புறம் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறதை முழுசாக அவரிடம் விடுங்கள்: காயம் கழுவுவது, கட்டுப் போடுவது, காய்ச்சல் பார்த்து எழுதுவது, கருவிகளைக் கிருமி நீக்குவது. பாதி கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் எதையும் தன் வேலையாக நினைக்க மாட்டார்.

ஒரு பால் காய்ச்சலில் பழகக்கூடியது

எப்படிப் பழகுவது என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது பால் காய்ச்சல் கேஸ். இரவு நேரம், குளிர், கன்று போட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை, நல்ல பால் கறக்கிற பிரீசியன் மாடு. "டொக்டர், மாடு எழும்பவே மாட்டேங்குது, காதெல்லாம் சில்லுன்னு இருக்கு" என்று போன் வருகிறது. போய்ப் பார்த்தால் கழுத்தை வளைத்து விலாவில் வைத்துப் படுத்திருக்கும், உடம்புச் சூடு வழக்கத்தைவிடக் குறைந்திருக்கும். பேரில்தான் காய்ச்சல், உண்மையில் இரத்தத்தில் கல்சியம் இறங்கிப் போன நிலை. கல்சியம் போரோகுளுக்கோனேட்டை இரத்த நாளம் வழியாக மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும், அவ்வளவுதான் மாடு.

இந்த வேலையில் மூன்று பேர் தேவை. ஒருவர் மாட்டை நிமிர்த்தி, வைக்கோல் அடைத்த உரச் சாக்கை இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்து, பக்கவாட்டில் சாயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் கொட்டில்கள் சரிவில்தான் இருக்கும், அதனால் மாட்டின் முன்பக்கம் மேட்டுப் பக்கம் இருக்கட்டும். இன்னொருவர் போத்தலைப் பிடிக்க வேண்டும். நீங்கள் ஸ்டெதஸ்கோப்பை இதயத்தின் மேல் வைத்துவிட்டு எடுக்கவே கூடாது. போத்தலை உயர்த்தினால் வேகம் கூடும், தாழ்த்தினால் குறையும். போத்தல் பிடிக்கிறவருக்கு இதை வண்டியில் வரும்போதே சொல்லிவிடுங்கள், குளிர்ந்த போத்தலைச் சுடுதண்ணீர் வாளியில் கொஞ்ச நேரம் வைத்து எடுக்கவும் சொல்லுங்கள். கடைசியாக இதையும் சொல்லுங்கள்: "நான் சொல்லலைன்னாலும் பரவால்ல, மாடு திடீர்னு தலையைத் தொங்கப் போட்டாலோ, மூச்சு மாறினாலோ, நீங்களே போத்தலை இறக்கிட்டு நிறுத்துங்கன்னு கத்துங்க."

இந்த ஒரு வசனத்தில் நீங்கள் மூன்று வேலை செய்துவிட்டீர்கள். என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தீர்கள், பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னீர்கள், டொக்டரை மறித்துப் பேச அனுமதியும் கொடுத்தீர்கள். கடைசியில் சொன்னதுதான் நம் சமூகத்தில் கஷ்டமானது. படித்தவரை, அதுவும் டொக்டரை, எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். தோட்டத்தில் துரை, கணக்குப்பிள்ளை, கங்காணி என்று மேலிருந்து கீழே உத்தரவு இறங்கி வந்தே பழகிய ஊர். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு இருபது வயதுப் பையன் தானாக வாய் திறந்து "நிறுத்துங்க டொக்டர்" என்று சொல்ல மாட்டான். முன்கூட்டியே கேட்டுக்கொண்டால்தான் சொல்வான். அவன் தேவையில்லாமல் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தி, இதயத்தைக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு, நீ சொன்னது சரி, தொடரலாம்" என்று சொல்லுங்கள். ஒரு தடவை எரிந்து விழுந்தீர்களென்றால் அடுத்த தடவை அவன் பார்த்துக்கொண்டே சும்மா இருப்பான்.

மாடு ஏப்பம் விட்டு, உடம்பு நடுங்கி, சாணி போட்டு, கொஞ்ச நேரத்தில் எழும்பி நிற்கும்போது அந்த வீட்டுப் பெரியம்மா உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார். "போத்தல் பிடிச்ச தம்பிதான் வேகத்தைச் சரியா வெச்சிருந்தாரு" என்று அங்கேயே சொல்லுங்கள்.

காலையில் பத்து நிமிடம்

கதவு திறக்கும் முன், தேநீரோடு, எல்லோரும் நின்றபடியே பேசினால் போதும். நேற்று முடியாமல் நிற்கிறது என்ன, இன்று யார் எந்தப் பக்கம் போகிறார்கள், வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா, தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டி எத்தனை பாகையில் நிற்கிறது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தடுப்பூசி 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும், நம் பக்கம் காற்று மழை என்றால் கரண்ட் போகும். "எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒருவர் பெயரைச் சொல்லி, அவர் லீவில் போனால் யார் என்றும் சொல்லி, காலையும் மாலையும் கொப்பியில் எழுத வையுங்கள். அந்தக் கொப்பியை நீங்கள் வாரம் ஒரு தடவையாவது திறந்து பார்க்க வேண்டும். டொக்டர் பார்க்கிறார் என்று தெரிந்தால்தான் எழுதுகிறவருக்கும் எழுத மனம் வரும்.

இந்தக் கூட்டம் எந்த மொழியில் என்பது சின்ன விஷயம் இல்லை. நம் கிளினிக்குகளில் தமிழ் பேசுகிறவர்களும் சிங்களம் பேசுகிறவர்களும் சேர்ந்துதான் வேலை செய்கிறார்கள். வருகிறவர்களும் அப்படியே: லயத்திலிருந்து தமிழ், கிராமத்திலிருந்து சிங்களம், பங்களாவிலிருந்து ஆங்கிலம். ஒரு பகுதியினர் விளங்காமல் தலையாட்டிக்கொண்டு நிற்கிற கூட்டத்தால் பிரயோசனம் இல்லை. இரண்டு மொழியிலும் சொல்லுங்கள், நேரம் எடுத்தாலும் பரவாயில்லை. உங்கள் சிங்களம் ஓட்டையாக இருந்தால் ஓட்டையாகவே பேசுங்கள், திருத்தச் சொல்லிக் கேளுங்கள். அவர்களும் உங்களிடம் தமிழில் பேசிப் பார்ப்பார்கள்.

போன் எடுப்பவரின் கையில் இருக்கிற அதிகாரம்

கிளினிக்கில் அதிகம் மதிக்கப்படாத ஆனால் மிக முக்கியமான முடிவை எடுப்பவர் போன் எடுப்பவர். எதை "இப்பவே" என்றும் எதை "நாளைக்கு வாங்க" என்றும் பிரிக்கிற வேலை அவருடையது. ஒரு தாளில், அவரோடு சேர்ந்து உட்கார்ந்து, அவர் சொல்கிற வார்த்தைகளிலேயே எழுதுங்கள். மாட்டுக்கு இடது வயிறு உப்பி மூச்சுத் திணறுகிறது, தண்ணீர்க்குடம் உடைந்தும் கன்று வரவில்லை, ஆண் பூனை மூத்திரம் போக முடியாமல் முக்குகிறது, நாய் களைக்கொல்லியையோ எலி மருந்தையோ சாப்பிட்டுவிட்டது, இழுப்பு, நிற்காத இரத்தம். இவை எல்லாம் டொக்டர் எங்கே இருந்தாலும் தேடிப் பிடிக்க வேண்டியவை. டொக்டரைப் பிடிக்க முடியாவிட்டால் அடுத்து யாருக்கு எடுப்பது என்ற இலக்கமும் அதே தாளில் இருக்கட்டும், பக்கத்து ஊர்த் தனியார் வைத்தியரோ அரச மிருக வைத்திய அலுவலகமோ. அவர்களிடம் முன்பே பேசி ஒத்துக்கொள்ள வைப்பது உங்கள் பொறுப்பு.

பிறகு அந்தத் தங்கச்சி ஒரு தடவை தேவையில்லாமல் உங்களை மலை உச்சியிலிருந்து இறக்கிவிட்டால் கோபிக்காதீர்கள். "ஏன் அவசரம்னு நெனச்சீங்க?" என்று கேளுங்கள், தாளில் ஒரு வரி கூடும்.

ஆட்களின் பக்கம் நில்லுங்கள்

மாட்டுக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட பிறகு லேபிளில் சொல்லியிருக்கிற நாள் வரைக்கும் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்கக் கூடாது. இதை வீட்டுக்காரரிடம் சொல்கிறவர் பெரும்பாலும் உதவியாளர்தான், திட்டு வாங்குகிறவரும் அவர்தான். பால் காசு நின்றால் அந்த வீட்டில் பிள்ளையின் டியூஷன் காசும் நிற்கும், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் வந்து "சரி சரி, இந்த ஒரு தடவை" என்று சொல்லிவிட்டால், இனி உங்கள் உதவியாளர் எதைச் சொன்னாலும் அந்த லயத்தில் எடுபடாது. அவர் சொன்னது சரி என்றால் அதையே நீங்களும் சொல்ல வேண்டும், அதே வார்த்தையில். பிழை என்றால் தனியாகக் கூப்பிட்டுப் பேசி, அவரே போய்த் திருத்திச் சொல்ல விடுங்கள்.

பெண் வைத்தியர்கள் வேலை செய்கிற இடங்களில் இது இன்னும் முக்கியம். கொட்டிலில் இறங்கினவுடனே "ஆம்பள டொக்டர் வரலையா மிஸ்?" என்று கேட்பார்கள். மோசமான எண்ணத்தில் எல்லோரும் கேட்பதில்லை, பழக்கம். அந்த இடத்தில் கூட வந்த மூத்த உதவியாளர் என்ன சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "இவங்கதான் டொக்டர், மாட்டைப் பிடிங்க" என்று அவர் சொன்னால் பேச்சு முடிந்தது. கிளினிக்கை நடத்துகிறவர் இதை முன்கூட்டியே அவரிடம் பேசி வைக்க வேண்டும். மிஸ் தானாகச் சமாளித்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது சரியில்லை.

பாதுகாப்பைப் பற்றி நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். விசர்நாய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது டொக்டருக்கு மட்டும் என்று இருக்கிற இடங்கள் இருக்கின்றன. கூட்டிப் பெருக்குகிற அக்காவும்தான் அந்தக் கூண்டைக் கழுவுகிறார். எல்லோருக்கும் போட ஏற்பாடு செய்யுங்கள், புதுச் சாமான் வாங்குவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம். கடித்தாலோ கீறினாலோ முதல் வேலை ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது, பிறகு ஆஸ்பத்திரி, முன்பே ஊசி போட்டவராக இருந்தாலும். எலிக்காய்ச்சல் சந்தேகமுள்ள நாயைக் கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது, நீங்களும்தான். அவசரம் என்று நீங்கள் ஒரு நாள் வெறும் கையால் தொட்டால் மறுநாளிலிருந்து அந்த விதி போய்விடும்.

லீவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீபாவளி, தைப்பொங்கல், தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் தமிழ் ஆட்கள் வீட்டில் இருக்க வேண்டும், வெசாக் என்றால் சிங்கள ஆட்கள். இது மாறி மாறி நன்றாகவே ஓடும். சித்திரைப் புத்தாண்டு மட்டும் எல்லோருக்கும் ஒரே நாள். அதை மாசி மாதமே பேசி முடித்துவிடுங்கள், ஒவ்வொரு வருடமும் ஒரே ஆள் மாட்டிக்கொள்ளாமல் பாருங்கள். கலியாணமாகாத பையன்தானே என்று அவனையே நிறுத்துவது நியாயம் இல்லை. டொக்டரும் அந்த முறைக்குள் இருக்க வேண்டும்.

மாடு செத்துப் போனால்

எல்லாக் கிளினிக்கிலும் நடக்கும். அதை வீட்டுக்காரரிடம் சொல்வது டொக்டரின் வேலை, உதவியாளரை அனுப்பாதீர்கள், போனிலும் சொல்லாதீர்கள். கொழுந்துச் சம்பளத்துக்கு மேலே வீட்டைத் தாங்குவது அந்த மாடு என்றால் அங்கே நடப்பது ஒரு சாவு வீடுதான். என்ன நடந்தது, என்ன செய்தோம், ஏன் முடியவில்லை என்று எளிய வார்த்தையில் சொல்லிவிட்டு, அவர்கள் அழுது முடிக்கும்வரை நில்லுங்கள். பில்லைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம்.

திரும்பி வந்து அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலை, கூட இருந்தவர்களோடு உட்காருங்கள். எப்போது முதலில் சந்தேகம் வந்தது, அப்போது என்ன தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அடுத்த தடவை எதை முன்னால் செய்வோம் என்று பேசுங்கள். யார் பிழை என்று ஒருவர் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். இளையவர்களை முதலில் பேச விடுங்கள். டொக்டர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதற்கு ஒத்துப் பாடிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

கிளினிக்குக்கு வெளியே

மலையகத்தில் மிருக வைத்தியர் தனியாக ஒரு நோயை நிறுத்த முடியாது. லம்பி ஸ்கின் என்கிற தோல் கட்டி நோய் 2020இல் முதல் தடவையாக இந்த நாட்டுக்குள் வந்தபோது கடிக்கிற பூச்சிகள்தான் அதைப் பரப்பின. ஒரு கொட்டிலில் மட்டும் மருந்து போட்டு அதை அடக்க முடியாது, லயம் முழுக்கச் சேர வேண்டும். தோட்ட முகாமையாளர், நலன்புரி உத்தியோகத்தர், பால் சங்கத் தலைவர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அரச மிருக வைத்தியர், இவர்களை நோய் வருகிற அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சந்திப்பது என்றால் பிந்திவிட்டீர்கள். சும்மா இருக்கிற மாதத்தில் போய் ஒரு தேநீர் குடித்துப் பேசிவிட்டு வாருங்கள். காலிலும் வாயிலும் புண் வருகிற கால்-வாய் நோய் மாதிரிப் பரவுகிற நோயில் சந்தேகம் வந்தால் அரச வைத்தியருக்கு அறிவிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 1992ஆம் ஆண்டின் மிருக நோய்கள் சட்டம் இருக்கிறது, அதைவிடப் பக்கத்து லயத்து மாடுகள் இருக்கின்றன.

மாட்டுப் பொங்கல் அன்று கிளினிக்கிலிருந்து இளையவர் ஒருவரை லயத்துக்கு அனுப்பிப் பாருங்கள். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு நிறம் பூசி, வீட்டில் எல்லோரும் கொட்டிலில் நிற்பார்கள். மடி அழற்சியைக் கண்டுபிடிக்க முதலில் பீச்சுகிற பாலைக் கறுப்புத் தட்டில் கறந்து திரிந்த கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதை அங்கே செய்து காட்ட அதைவிட நல்ல நாள் இல்லை. ஆட்கள் முன்னால் நின்று பேசிப் பழக அந்த இளையவருக்கும் அது நல்ல இடம், நீங்கள் கூடப் போகாதீர்கள்.

2022இல் பெட்ரோல் இல்லாமல் வரிசையில் நின்ற காலத்தை எல்லோரும் மறக்கப் பார்க்கிறார்கள், ஆனால் அதில் கற்றதை விட்டுவிடக் கூடாது. கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டில் கிடைத்த அளவு எரிபொருளுக்குள் யார் வீட்டுக்குப் போவது, யாருக்குப் போனில் சொல்வது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. அப்போது டொக்டர் தனியாகத் தீர்மானித்த இடங்களில் "அவங்க வீட்டுக்கு மட்டும் போனாங்க" என்ற பேச்சு வந்தது. முறையை எல்லோரும் சேர்ந்து வகுத்து, வாசலில் எழுதி ஒட்டிய இடங்களில் ஆட்கள் முணுமுணுத்தாலும் ஏற்றுக்கொண்டார்கள். சாதாரணக் காலத்திலும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களை ஒரே நாளில் சேர்த்துப் பார்ப்பதற்கு அதே மாதிரி ஒரு அட்டவணை போடலாம்.

இளையவரைத் தனியாக விடுவது

புதிதாகச் சேர்ந்த வைத்தியர் முதல் தடவையாகக் கன்று இழுக்கப் போகும்போது கூடப் போங்கள், ஆனால் கையுறை போடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு நின்றால் வீட்டுக்காரர் உங்களைத்தான் பார்ப்பார், இளையவரும் உங்களைத்தான் பார்ப்பார். கொட்டிலுக்கு வெளியே நின்று, எந்த இடத்தில் நீங்கள் உள்ளே வருவீர்கள் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள்: இவ்வளவு நேரத்தில் தலை திரும்பாவிட்டால், அல்லது அவரே கூப்பிட்டால். அதற்கு முன் உள்ளே போகக் கூடாது. கஷ்டமாகத்தான் இருக்கும். கூப்பிட்டால் போய் உதவி செய்யுங்கள், அவர் கூப்பிட்டது சரியான நேரத்தில்தான் என்று வண்டியில் சொல்லுங்கள்.

அப்படி நாலு கேஸ் போனதும் இரவு அழைப்பு முறையில் அவர் பெயரையும் போடுங்கள், அதற்கான காசையும் கொடுங்கள். மாதக் கடைசியில் இரவு அட்டவணையையும் போன் தாளையும் எல்லோருமாகப் பார்த்துத் திருத்தி எழுதுங்கள். புதிதை ஒட்டும்போது பழையதைக் கிழித்துவிடுங்கள். இரண்டும் சுவரில் தொங்கினால் நடு இரவில் போன் எடுக்கிறவர் மாறிப் பார்த்து, லீவில் இருக்கிற ஆளை எழுப்பிக்கொண்டிருப்பார்.